மாருதி வேனும் எர்த் ஒயரும்

எங்க தாராபுரம் பக்கம் ஆம்னியைப் பெரியவங்க இன்னும் ‘மாருதி வேன்’னுதான் சொல்லுவாங்க. அது தப்பில்லீங்க. 1984ல் வந்தப்ப அதோட பேரே அதுதான். 1988லதான் ஆம்னி ஆச்சு. 796 சிசி, மூணு சிலிண்டர், இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில. 2019ல் தயாரிப்பை நிறுத்திட்டாங்க. ஆனா மூலனூருக்கு முருங்கைக்காய் ஏத்தவும், ராத்திரியில பிரசவ வலின்னா ஆஸ்பத்திரிக்கு ஓடவும் பல தோட்டத்துல இன்னும் அந்த வண்டிதான் நிக்குது. அந்த நேரம் சாவி திருப்பினா ‘டிக்’னு ஒரே சத்தத்தோட நின்னா என்ன பண்றது? பழைய கதை தெரிஞ்சா வழி தெரியும்.

முன்னெல்லாம் காரை ஹேண்டில் போட்டு சுத்தித்தான் கிளப்பணும். 1912ல் அமெரிக்காவில் காடிலாக் கார்ல செல்ப் மோட்டார் வந்துச்சு. அதைச் செஞ்சவர் சார்லஸ் கெட்டரிங். அதுக்கப்புறம் பேட்டரிதான் வண்டிக்கு உசுரு. அதைச் சார்ஜ் ஏத்த முதல்ல டைனமோ இருந்துச்சு. இன்ஜின் மெதுவா ஓடினா சரியா ஏத்தாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஆல்டர்னேட்டர். மாருதி வேன்ல இருக்கறது அதுதான்.

ஒயர்லயும் ஒரு சிக்கனம் பண்ணினாங்க. வீட்டுல பேஸ், நியூட்ரல்னு ரெண்டு ஒயர். வண்டியில பெரும்பாலும் ஒரு ஒயர்தான் போகும். கரண்ட் திரும்பறது பாடித் தகரம் வழியா. பேட்டரியோட மைனஸை அதுலதான் பூட்டியிருப்பாங்க. முப்பது வருஷத் தகரத்துல துரு ஏறினா, பாதி ஒயரே துருப்பிடிச்ச மாதிரிதானுங்க. இண்டிகேட்டர் போட்டா பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்குதா? முதல்ல எர்த்தைப் பாருங்க.

இப்ப வரிசையா வருவோம். வண்டி நிக்கும்போது பேட்டரியில 12.6 வோல்ட் இருந்தா முழுச் சார்ஜ். ஓடும்போது 14 பக்கம் காட்டணும். ஏறலைன்னா பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்க. பேட்டரி நல்லா இருந்தும் ‘டிக்’னு நின்னா, டெர்மினல்ல பூத்த வெள்ளையைச் சுத்தம் பண்ணுங்க. அதுக்கும் கேக்கலைன்னா மீட்டரோட ஒரு முனையைப் பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை இன்ஜின்லயும் வெச்சு, ஒருத்தரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்க. நியூட்ரல்ல இருக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் ஒயரோ அதோட போல்ட்டோதான் கோளாறு. கழட்டி, உப்புத்தாள்ல தேய்ச்சு, இறுக்கிப் பூட்டுங்க. புது பேட்டரி வாங்கறது அதுக்கப்புறம்.

ஃபியூஸ் போனா மட்டும் கம்பி சுத்தி ஓட்டாதீங்க. ஃபியூஸ் எரியாட்டி ஒயர் எரியும். காஸ் மாட்டின வண்டின்னா கேக்கவே வேண்டாம்.