பேருந்து வழித்தட உரிமத் தளர்வு

பேருந்து வழித்தட உரிமத் தளர்வு என்பது, எந்தச் சாலையில் எத்தனைப் பேருந்துகள், எந்த நேரத்தில், என்ன கட்டணத்துக்கு ஓடலாம் என்பதை அரசே முடிவு செய்யும் முறையைக் குறைக்க வேண்டும் என்னும் கொள்கையைக் குறிக்கும். வாகனத் தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம், காப்பீடு, வேக வரம்பு ஆகிய பாதுகாப்பு விதிகளைக் கைவிடுமாறு இக்கொள்கை கோருவதில்லை. பாதுகாப்புக் கட்டுப்பாடும் தொழிலில் நுழைவதற்கான கட்டுப்பாடும் வெவ்வேறானவை. இவற்றை ஒன்றாகக் கருதுவதால் இதுபற்றிய விவாதங்களில் குழப்பம் ஏற்படுகிறது. தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் ஒரே சாலையில் அடுத்தடுத்து ஓடும் கடலூர், சிதம்பரம் வட்டாரம் இக்கொள்கையை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும்.

வழித்தட உரிமம்

ஒருவர் பேருந்து ஒன்றை வாங்கிப் பதிவு செய்து, தகுதிச் சான்றும் பெற்றுவிட்டால் மட்டும் அதில் பயணிகளை ஏற்றிவிட முடியாது. குறிப்பிட்ட தடத்துக்கான உரிமத்தை (பெர்மிட்) வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம் பெற வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரே இந்த ஆணையமாகச் செயல்படுகிறார். உரிமத்தில் தடம், நடைகளின் எண்ணிக்கை, புறப்படும் நேரம் ஆகியன குறிக்கப்படும். கட்டணத்தை மாநில அரசு நிர்ணயிக்கும். உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பிக்கலாம்.

சட்டப்படி ஆணையத்தின் ஒப்புதலுடன் உரிமத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியும். புதிய உரிமம் கிடைப்பது அரிது என்பதால் பழைய உரிமத்துக்குச் சந்தை விலை ஏற்பட்டது. பேருந்தைத் ‘தடத்தோடு’ விற்பது என்ற வழக்கு இத்தொழிலில் உள்ளது. அவ்விற்பனையில் வண்டியின் விலை ஒரு பகுதி மட்டுமே. பெரும்பகுதி, அரசு ஒரு காலத்தில் சிறு கட்டணத்துக்கு வழங்கிய தாளின் விலையாகும். அந்த விலையை இறுதியில் ஏற்பவர்கள் பயணிகளே என்பது தளர்வை ஆதரிப்போரின் முதன்மையான வாதம்.

வரலாறு

தமிழகத்தில் பேருந்துத் தொழிலைத் தனியாரே தொடங்கினர். 1910களில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தென் மாவட்டங்களில் தொடங்கிய சேவை இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1930களில் பேருந்துகள் தொடர்வண்டிகளின் வருவாயைப் பறிப்பதாக அரசு கவலை கொண்டது. சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் இடையிலான போட்டியை ஆராய மிட்செல், கர்க்னெசு ஆகிய இருவர் நியமிக்கப்பட்டனர். அதன்பின் வந்த 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வழித்தட உரிம முறையை நாடு முழுவதற்கும் விரித்தது. இம்முறையின் தொடக்க நோக்கங்களுள் தொடர்வண்டியைக் காப்பதும் ஒன்று என்பது பெரும்பாலும் மறக்கப்பட்ட செய்தி. விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக மாயவரம் (மயிலாடுதுறை) செல்லும் இருப்புப்பாதை, சாலைக்கு இணையாகவே ஓடுகிறது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2006 முடிவில் மூடப்பட்ட அப்பாதை 2010இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வூர் மக்கள் பெரிதும் சாலையையே நம்பியிருந்தனர்.

விடுதலைக்குப் பின் உரிமம் யாருக்கு என்பது நீதிமன்றங்களில் ஓயாத வழக்கானது. தென்காசியைச் சேர்ந்த சி. எசு. எசு. மோட்டார் சர்வீசு தொடுத்த வழக்கில் 1952இல் சென்னை உயர்நீதிமன்றம், பொதுச் சாலையில் வாகனம் ஓட்டித் தொழில் செய்வது குடிமக்களின் உரிமை என்றும், அரசு அதனை நியாயமான அளவில் மட்டுமே கட்டுப்படுத்தலாம் என்றும் கூறியது. 1954இல் சாகீர் அகமது வழக்கில் உச்சநீதிமன்றமும் இக்கருத்தை ஏற்றது. சென்னை மாநில அரசு 1956இல் விண்ணப்பதாரர்களுக்கு மதிப்பெண் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. பழுதுபார்க்கும் பட்டறை, தடத்தில் வசிப்பிடம், முன் அனுபவம் முதலியவற்றுக்கு மதிப்பெண்கள் இடப்பட்டன. பி. இராசகோபால நாயுடு வழக்கில் 1964இல் உச்சநீதிமன்றம் அந்த அரசாணையைச் செல்லாது என்றது. நீதிமன்றத்தைப் போல் ஆய்ந்து முடிவெடுக்க வேண்டிய ஆணையத்துக்கு, இன்னாருக்கு இத்தனை மதிப்பெண் என்று அரசு கட்டளையிட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இதே காலத்தில் இராசகோபாலாச்சாரி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, ‘பெர்மிட், லைசென்சு, கோட்டா ராஜ்யம்’ என்று இத்தகைய ஆட்சிமுறையைச் சாடினார். 1967 தேர்தலில் அக்கட்சி திராவிட முன்னேற்றக் கழகத்துடன் கூட்டணி அமைத்தது. ஆட்சிக்கு வந்த திமுகவே பேருந்துகளை நாட்டுடைமையாக்கும் பணியை விரைவுபடுத்தியது என்பது வரலாற்று முரண். 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் ஆகிய பெயர்களில் போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. தென்னார்க்காடு மாவட்டத்துக்கு விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட 1997ஆம் ஆண்டு முதல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (விழுப்புரம்) என வழங்குகிறது. நாட்டுடைமையாக்கம் முழுமை பெறவில்லை. சிறிய உரிமையாளர்கள் தப்பினர். 1992ஆம் ஆண்டின் மாநிலச் சிறப்புச் சட்டம் அவர்களுடைய உரிமங்களுக்குப் பாதுகாப்பளித்தது.

1989 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், உரிமம் கோரும் விண்ணப்பத்தைப் பொதுவாக மறுக்கக் கூடாது என்றது. மிதிலேசு கார்க் வழக்கில் (1991) உச்சநீதிமன்றம், புதியவர் வருவதை எதிர்க்கும் உரிமை பழைய உரிமையாளருக்கு இல்லை என்று தெளிவாக்கியது. எனினும் அதே சட்டத்தின் ஆறாம் அத்தியாயம், மாநில அரசு தன் கழகங்களுக்கெனத் தடங்களை ஒதுக்கித் திட்டம் வகுக்க இடமளிக்கிறது. அத்திட்டம் சட்டத்தின் பிற பகுதிகளுக்கு மேலானது. தமிழ்நாடு இவ்வத்தியாயத்தைப் பயன்படுத்தியதால், சட்டம் திறந்த கதவு இங்குப் பெரும்பாலும் மூடியே இருந்தது.

கடலூர், சிதம்பரம் வட்டாரம்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவிலுள்ளது. இச்சாலையிலும், கடலூரிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி, புதுச்சேரி செல்லும் சாலைகளிலும் அரசுப் பேருந்துகளுடன் தனியார் பேருந்துகளும் ஓடுகின்றன. முதன்மைச் சாலையில் நிற்பவருக்குப் பேருந்து பெரிய சிக்கலாக இராது. கிளைச் சாலைகளில் நிலை வேறு. பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் பகுதிகளின் கடலோரக் குடியிருப்புகளிலும், காட்டுமன்னார்கோயில் பக்கத்து உழவர் ஊர்களிலும் ஒரு நடையைத் தவறவிட்டால் நெடுநேரம் காத்திருக்க நேரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டு முதல் சிதம்பரத்தை ஒட்டி இயங்குகிறது. அங்குள்ள மருத்துவமனையை நாடிச் சுற்றுவட்டாரத்தார் பலரும் வருகின்றனர். ஊர்ப்பெண் ஒருத்தி கல்லூரியில் சேர்வதும், நோயாளி ஒருவர் மறுமுறை மருத்துவரைப் பார்க்க வருவதும் மாலையில் வீடு திரும்பப் பேருந்து உண்டா என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இந்த இடைவெளியை ஷேர் ஆட்டோக்களும் வேன்களும் நிரப்புகின்றன. சட்டத்தின் பார்வையில் இவை ஒப்பந்த வண்டிகள். வழியில் ஆளுக்கு ஆள் கட்டணம் பெற்று ஏற்றி இறக்கக் கூடாதவை. ஆகவே மக்களுக்கு மிகவும் பயன்படும் சேவை விதிமீறலாகவும், சோதனைக்கு அஞ்சி ஓடுவதாகவும் உள்ளது. விதிக்குள் கொண்டுவந்தால் காப்பீட்டையும் ஆள் எண்ணிக்கையையும் ஒழுங்காகக் கண்காணிக்கலாம் என்பது தளர்வு கோருவோரின் கருத்து. இது வலுவான கருத்தே.

கடலூருக்கு வேறொரு தனிச் சிக்கலும் உண்டு. நகரின் வடக்கே சில கி.மீ. தொலைவிலேயே புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் எல்லை வந்துவிடுகிறது. இரு அரசுகளுக்கும் இடையே ஒப்பந்தம் செய்து பேருந்துகளின் எண்ணிக்கையை முடிவு செய்யாமல், அன்றாடம் வேலைக்குச் சென்று வரும் இந்த 22 கி.மீ. அளவிலான பயணத்துக்குப் புதிய பேருந்து விட முடியாது.

சிற்றுந்துத் திட்டம்

உரிமக் கட்டுப்பாட்டின் இயல்பைச் சிற்றுந்து (மினி பஸ்) திட்டம் நன்கு காட்டுகிறது. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 1997இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டம், பேருந்து இல்லாத ஊர்களுக்குத் தனியார் சிறிய பேருந்துகளை விட வழி செய்தது. தடத்தின் நீளம் 20 கி.மீ. என்றும், அதில் ஏற்கெனவே பேருந்து ஓடும் சாலை 4 கி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்றும் விதிக்கப்பட்டது.

இவ்விதி நடைமுறையில் என்ன செய்யும் என்பதைப் பிச்சாவரம் சாலையைக் கொண்டு விளக்கலாம். அச்சாலையில் பேருந்து உண்டு. அதிலிருந்து பிரியும் கிளைச் சாலையின் சிற்றூரிலிருந்து சிற்றுந்து ஒன்று புறப்பட்டால், முதன்மைச் சாலையை அடைந்த 4 கி.மீ.க்குள் நின்றுவிட வேண்டும். சிதம்பரம் பேருந்து நிலையம் அதற்கு அப்பால் உள்ளது. பயணி இறங்கி, வேறு பேருந்துக்குக் காத்திருந்து, இன்னொரு சீட்டு வாங்க வேண்டும். மக்கள் போக விரும்பும் இடத்துக்குப் போகாத வண்டியில் வருவாய் இராது. வருவாய் இல்லாத வண்டி நாளடைவில் நின்றுவிடும். ஏற்கெனவே ஓடும் பேருந்துகளின் வசூலைக் காப்பதற்காக வைக்கப்பட்ட எல்லைக்கோடு, திட்டத்தின் நோக்கத்தையே குறுக்கியது.

இக்குறையை உணர்ந்தே 2024ஆம் ஆண்டின் புதிய விரிவான சிற்றுந்துத் திட்டம் வகுக்கப்பட்டு, 2025 சூனில் தஞ்சாவூரில் தொடங்கி வைக்கப்பட்டது. தடத்தின் உச்ச நீளம் 25 கி.மீ. ஆக உயர்ந்தது, அதில் 65 விழுக்காடாவது பேருந்து இல்லாத சாலையாக இருக்க வேண்டும். எஞ்சிய பகுதி 9 கி.மீ.க்கும் குறைவு என்பதால் கோடு சற்றுத் தள்ளிப் போயிருக்கிறதே தவிர அழிக்கப்படவில்லை.

கட்டணம்

தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் நெடுநாள் உயராமல் இருந்து, பின் ஒரே நாளில் பெரிதாக உயர்வது வழக்கம். 2011 நவம்பரிலும் 2018 சனவரியிலும் அவ்வாறே நடந்தது. 2018இல் புறநகர்ச் சாதாரணப் பேருந்துக் கட்டணம் கி.மீ.க்கு 42 காசிலிருந்து 60 காசாக உயர்ந்து, போராட்டங்களுக்குப் பின் 58 காசாகக் குறைந்தது. இவ்வீதத்தில் கடலூர் - சிதம்பரம் பயணத்துக்கு ஏறத்தாழ 26 ரூபாய் ஆகிறது. அதன்பின் 2025 நடுப்பகுதி வரை உயர்வு இல்லை. டீசல் விலையோ 2014 அக்டோபரிலேயே அரசின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டது. 2018 தொடக்கத்தில் லிட்டருக்கு 65 ரூபாய் அளவில் இருந்தது, 2021க்குப் பின் 90 ரூபாயைக் கடந்தது. இழப்பை அரசுக் கழகத்துக்கு அரசு ஈடு செய்யும். தனியார் அதனைப் பராமரிப்பைக் குறைத்தோ, ஓட்டுநருக்கு நீண்ட பணிநேரம் கொடுத்தோ, கூடுதல் ஆட்களை ஏற்றியோதான் ஈடுகட்ட முடியும். கட்டணத்தை மலிவாக வைக்கும் விதி இவ்வாறு பாதுகாப்பைக் குறைக்கக்கூடும்.

2021 மே முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். அதற்கான தொகையை அரசு தன் கழகங்களுக்கு அளிக்கிறது. அதே தடத்தில் ஓடும் தனியார் நகரப் பேருந்துக்கு இது கிடைப்பதில்லை. மானியத்தைப் பேருந்துக்குக் கொடுக்காமல் பயணிக்குக் கொடுத்தால், எந்த வண்டியில் ஏறுவது என்பதை அவரே தீர்மானிப்பார் என்ற யோசனை பொருளியலாளர்களிடையே உண்டு. கிராமத்தில் அட்டையும் கருவியும் கொண்டு இதனை நிறைவேற்றுவது எளிதன்று.

எதிர்வாதங்கள்

உரிமத்தை விலக்கினால் எல்லோரும் கடலூர் - சிதம்பரம் சாலைக்கே வருவர். கிளைச் சாலைக்கு யாரும் வரமாட்டார் என்பது முதல் எதிர்வாதம். இலாபத் தடத்தின் வருவாயைக் கொண்டே அரசுக் கழகம் இழப்புத் தடங்களை நடத்துகிறது. இவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆயினும் கழகங்கள் பல ஆண்டுகளாக இழப்பில் இயங்குவதால், முதன்மைச் சாலையின் உபரி கிராமத்தைத் தாங்குகிறது என்பதை அப்படியே ஏற்க இயலாது. தாங்குவது அரசுக் கருவூலமே.

இரண்டாம் எதிர்வாதம் வலிமை மிக்கது. பேருந்துப் பயணி கடையில் பொருள் தேர்வது போல் வண்டியைத் தேர்வதில்லை. முதலில் வருவதில் ஏறிவிடுகிறார். எனவே முந்திச் செல்பவருக்கே வசூல். நேரம் குறிக்கப்பட்டுள்ள இக்காலத்திலேயே பேருந்து நிலையங்களில் ‘டைமிங்’ தகராறுகள் எழுகின்றன. நேரக் கட்டுப்பாட்டையும் நீக்கினால் சாலையில் பந்தயம் மிகும். 2023 சூன் 19 அன்று நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் இரு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதிப் பலர் உயிரிழந்தனர். ஒரு பேருந்தின் முன்சக்கரம் வெடித்ததே காரணம் என்று அப்போதைய செய்திகள் கூறின. இதனைத் தளர்வுக்கு எதிரான சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் வழித்தட உரிமம் நடைமுறையில் இருக்கையிலேயே இது நிகழ்ந்தது. சக்கரத்தைச் சோதிப்பது தகுதிச் சான்றின் வேலை. வழித்தட உரிமத்தின் வேலையன்று.

விழாக்காலங்களில் ஆம்னிப் பேருந்துகள் கட்டணத்தைப் பன்மடங்கு உயர்த்துவதும் எதிர்ப்பாளர்கள் காட்டும் எடுத்துக்காட்டாகும்.

பிற நாடுகளின் பட்டறிவு

பிரித்தானியாவில் 1985ஆம் ஆண்டின் சட்டப்படி, இலண்டன் தவிர்த்த பகுதிகளில் 1986 அக்டோபர் 26 முதல் பேருந்துத் தொழில் திறந்துவிடப்பட்டது. பேருந்துகள் ஓடும் தொலைவு கூடியது, செலவு குறைந்தது. பயணிகளின் எண்ணிக்கையோ தொடர்ந்து சரிந்தது. தடங்களை அரசு வகுத்து ஏலத்தில் விட்ட இலண்டனில் பயணிகள் பெருகினர். மான்செசுட்டர் பெருநகரம் 2025 சனவரியில் தன் பேருந்துகள் அனைத்தையும் மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. இலங்கை 1958இல் பேருந்துகளை நாட்டுடைமையாக்கி, 1979இல் தனியாரை மீண்டும் அனுமதித்தது. அங்கு வண்டிகளுக்குப் பஞ்சம் நீங்கியது; பந்தய ஓட்டம் நிலைத்துவிட்டது. ஆகவே நுழைவைத் திறப்பதும் நேரத்தை அவிழ்த்துவிடுவதும் வேறு வேறு விளைவுகளைத் தரும் எனக் கொள்ளலாம்.

அண்மைய மாற்றங்கள்

இந்திய அரசு 2018 அக்டோபரில் மின்கலத்தில் இயங்கும் போக்குவரத்து வாகனங்களுக்கு வழித்தட உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. எத்தனால், மெத்தனால் எரிபொருளில் ஓடுவனவற்றுக்கும் இவ்விலக்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், கிராமப் போக்குவரத்து, கடைசிக் கட்ட இணைப்பு ஆகியவற்றுக்காக மாநில அரசுகள் உரிம விதிகளை மாற்றித் தனித் திட்டங்கள் வகுக்க அதிகாரம் தந்தது. முதல் அறிவிப்பின்படி, டீசல் சிற்றுந்துக்கு எல்லையாக உள்ள அதே கிளைச்சாலை முனையைத் தாண்டி மின் சிற்றுந்து ஒன்று சிதம்பரம் வரை செல்வதற்கு வழித்தட உரிமம் தடையாகாது. வண்டியின் விலையும், மின்னேற்றும் வசதி ஊர்ப்புறங்களில் அரிதாக இருப்பதும் இப்போதைக்குத் தடைகளாக உள்ளன.