விடுதிக் கதவை எட்ட ஐம்பது ஆண்டு

ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருள்கள் அளவு மீறினால் மனிதர் சாவது மூச்சு நின்றுதான். மூச்சை நடத்தும் மூளைப்பகுதி அடங்கிப்போகும். உதடு நீலம் பாரிக்கும். தொண்டையில் கறகறவென்று ஓசை கேட்கும். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். இதை முறிக்கும் மருந்து நலாக்சோன். ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டீன் என்ற இருவர் 1961-இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1971-இல் அனுமதி கொடுத்தது. மருந்தைக் கொடுத்த சில நிமிடங்களில் மூச்சு திரும்பிவிடும். ஓபியாய்டே எடுக்காத ஒருவருக்குத் தவறுதலாகக் கொடுத்துவிட்டாலும் கெடுதல் இல்லை. இப்படி ஒரு மருந்து கையில் இருந்தும் அது அமெரிக்கக் கல்லூரி விடுதிகளுக்குள் பரவலாக வந்து சேர ஏறக்குறைய ஐம்பது ஆண்டு பிடித்தது. விலை, மருந்தின் வடிவம் என்று இதற்குச் சில காரணங்கள் உண்டு. ஆனால் பெரிய தடையாக இருந்தது அச்சம்தான் என்று நான் கருதுகிறேன். பக்கத்தில் இருக்கும் நண்பன் வாய் திறக்க அஞ்சும்படி சட்டமும் கல்லூரி விதிகளும் எழுதப்பட்டிருந்தன.

அனுமதி கிடைத்த பிறகு நெடுநாள் நலாக்சோன் மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் மட்டுமே இருந்தது. கல்லூரிகளோ போதையை ஒழுங்குப் பிரச்சினையாகவே பார்த்தன. கூட்டாட்சி நிதி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் போதைக்கு எதிரான விதிகளையும் தண்டனைகளையும் எழுதி மாணவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று 1989-இல் சட்டம் வந்தது. 1998-இல் உயர்கல்விச் சட்டத்தில் செய்த திருத்தம் இன்னும் கடுமையானது. போதைப்பொருள் வைத்திருந்ததாக ஒருமுறை தண்டனை பெற்றால் ஓராண்டு, இரண்டாம் முறை இரண்டாண்டு அரசின் கல்வி உதவித்தொகை கிடையாது. மூன்றாம் முறை காலவரையின்றிப் போய்விடும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இது ஒன்றுமில்லை. உதவித்தொகையை நம்பி வந்தவனுக்குப் படிப்பே போய்விடும். நள்ளிரவில் அறைத்தோழன் சுயநினைவின்றிக் கிடக்கும்போது அவசர உதவி எண்ணான 911-ஐ அழைப்பதா, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடுவதா என்று ஒரு மாணவன் தயங்கினால் அந்தத் தயக்கத்தில் இந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 2006-இல் அதன் கடுமை குறைந்தது. முழுமையாக நீக்க வழிசெய்த சட்டம் 2020 டிசம்பரில்தான் நிறைவேறியது.

மாற்றம் தொடங்கியது வளாகத்துக்கு வெளியே. 1996-இல் டான் பிக்கும் அவருடைய சிகாகோ ரிகவரி அலையன்ஸும் போதை பழகியவர்கள் கையிலேயே நலாக்சோனைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் விழும்போது பக்கத்தில் இருப்பது இன்னொரு பழகியவர்தான் என்ற எளிய உண்மையில் பிறந்த வேலை அது. கல்லூரிகளில் இதே எண்ணம் மதுவின் வழியாக நுழைந்தது. கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல், மிதமிஞ்சிக் குடித்துவிட்டவருக்காக உதவி கேட்டு அழைப்பவர் மீதும் பாதிக்கப்பட்டவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று அறிவித்தது. உதவிக்கான அழைப்புகள் கூடின. அவசர நிலைக்குப் பின் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஆலோசனை பெற்ற மாணவர்களின் பங்கு இரண்டே ஆண்டில் 22 சதவீதத்திலிருந்து 52 சதவீதமானது. மன்னிப்பு கொடுத்தால் மாணவர்கள் தறிகெட்டுப்போவார்கள் என்றவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்கவேண்டும். தண்டனை ஒளியவைத்தவர்களை மன்னிப்பு சிகிச்சைக்குக் கொண்டுவந்தது. 2007-இல் நியூ மெக்சிகோ, ஓவர்டோஸ் என்று 911-ஐ அழைப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்த முதல் மாநிலமானது. பெரும்பாலான மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

பிறகு ஃபென்டனில் வந்தது. 2 மில்லிகிராம் அளவே ஆளைக் கொல்லக்கூடும். மருந்துக்கடை மாத்திரைபோலவே அச்சு அசலாகச் செய்த போலி மாத்திரைகளில் அது கலந்து வந்தது. தேர்வு வாரத்தில் விழித்திருக்கவோ பதற்றம் தணியவோ ஒரு மாத்திரை வாங்கும் மாணவருக்குத் தான் ஓபியாய்டு விழுங்குகிறோம் என்றே தெரியாது. அமெரிக்காவில் 14 முதல் 18 வயதுக்குட்பட்டோரில் ஓவர்டோஸால் இறந்தவர்கள் 2019-இல் 492 பேர், 2020-இல் 954 பேர். அந்த வயதினரிடையே போதைப் பழக்கம் கூடியதால் வந்த உயர்வு இது இல்லை. சரக்கு மாறியதால் வந்தது. நல்லவேளையாக மருந்தின் வடிவமும் மாறியிருந்தது. 2015 நவம்பரில் அனுமதி பெற்ற நார்கான் என்ற நலாக்சோன் மூக்கு ஸ்ப்ரேக்கு ஊசி வேண்டாம், அளவு பார்க்க வேண்டாம். விழுந்தவரை மல்லாக்கக் கிடத்தி, கழுத்தைத் தாங்கித் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு மூக்குத் துவாரத்தில் முனையை நுழைத்துக் கட்டைவிரலால் அடிப்பகுதியை அழுத்தினால் 4 மில்லிகிராம் உள்ளே போய்விடும். 911-ஐ அழைத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் பலன் தெரியாவிட்டால் புதிய ஸ்ப்ரேயை எடுத்து மறு துவாரத்தில் அடிக்கவேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க அரைமணி நேரம் போதும். கலிஃபோர்னியா 2022-இல் இயற்றிய சட்டம், சமுதாயக் கல்லூரிகளும் மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களும் இம்மருந்தை வைத்திருந்து கொடுக்கவேண்டும் என்றது. 2023 மார்ச்சில் மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்க அனுமதி வந்தது.

இதற்கு எதிரான வாதங்களில் ஒன்று பழையது: உயிர்காக்கும் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் துணிந்து போதை எடுப்பார்கள் என்பது. மெய்ன் மாநில ஆளுநர் பால் லபாஜ் 2016-இல், நலாக்சோன் அடுத்த ஓவர்டோஸ் வரை ஆயுளை நீட்டிக்கிறது, அவ்வளவுதான் என்ற கருத்தோடு அதைப் பரவலாக்கும் மசோதாவைத் தடுத்தார். சட்டமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. ஜெனிஃபர் டோலியாக், அனிதா முகர்ஜி என்ற பொருளியலாளர்கள் இதையே தரவுகொண்டு வாதிட்டார்கள்: நலாக்சோன் சட்டங்கள் வந்த பிறகும் மொத்தத்தில் மரணம் குறையவில்லை என்றார்கள். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் சட்டம் வந்த நாளும் மருந்து கைக்கு வந்த நாளும் ஒன்றாக இருக்க அவசியமில்லை. மருந்து உண்மையிலேயே கைமாறிய இடங்களை அளந்த மாசசூசெட்ஸ் ஆய்வு 2013-இல் வெளியானது. 19 ஊர்களில் 2,912 பேர் பயிற்சி பெற்றார்கள். 327 உயிர்காப்புகள் பதிவாயின. பயிற்சி அதிகம் பரவிய இடங்களில் ஓவர்டோஸ் மரண விகிதம் ஏறக்குறைய பாதியானது. அதோடு, தெரியாமல் போலி மாத்திரை விழுங்கியவன் மருந்து இருக்கும் தைரியத்தில் விழுங்கவில்லை. வளாகத்தில் இப்படி எத்தனை பேர் விழுகிறார்கள், பெட்டி பிரிக்கப்படாமலே காலாவதியாகுமே என்பது இன்னொரு கேள்வி. பெரும்பாலான பெட்டிகள் அப்படித்தான் ஆகும், ஆகட்டும். தீயணைப்பான் பயன்படாமல் போனதற்கு யாரும் வருந்துவதில்லை.

என் கவலை வேறு. மாலையில் பூட்டும் மருத்துவ மையத்தின் அலமாரியில் வைத்த மருந்து, இரவில் விழுந்தவருக்கு உதவாது. கதவைச் சாத்திக்கொண்டு தனியே எடுப்பவரை எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. வாய்விட்டுச் சொல்ல ஒரு நண்பன் இருந்தால்தான் உண்டு. நம் வீடுகளிலிருந்தும் ஆண்டுதோறும் பிள்ளைகள் அந்த வளாகங்களுக்குப் போகிறார்கள். வழியனுப்பும் பெற்றோர் இதையும் சொல்லி அனுப்புங்கள்: உன் விடுதியில் நலாக்சோன் எங்கே இருக்கிறது என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள், மருந்துக்கடையில் வாங்காத மாத்திரையைத் தொடாதே, யாராவது மூச்சின்றிக் கிடந்தால் யோசிக்காமல் 911-ஐ அழை, எங்களுக்கு என்ன சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.