மீகாமன் கையில் சான்றிதழ்

கடலோடும் தொழில் மிகப் பழையது. ஆயின், கப்பல் செலுத்துவோர் தேர்வெழுதித் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் அத்துணைப் பழையதன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிரிட்டிஷ் வாணிகக் கப்பலுக்கு மீகாமனை அமர்த்துவது உடைமையாளர் விருப்பமாகவே இருந்தது. வான்மீன் நோக்கிக் கப்பல் நிற்கும் இடத்தைக் கணிக்க வல்லவனா என்று அரசு கேட்டதில்லை.

கப்பல்கள் உடைந்தவண்ணம் இருந்தன. காரணத்தை ஆராய்ந்த 1836ஆம் ஆண்டு நாடாளுமன்றக் குழு, புயலை மட்டும் பழிக்கவில்லை. மீகாமரின் அறியாமையையும் குடியையும் சுட்டிற்று. எனினும், 14 ஆண்டுகள் கழித்தே, அயல்நாடு செல்லும் கப்பல்களின் தலைவர்க்கும் துணைவர்க்கும் தேர்வைக் கட்டாயமாக்கும் சட்டம் பிறந்தது.

கடலோ ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று; தகுதியை அளக்கும் கோலோ நாட்டுக்கு நாடு வேறுபட்டது. 1967 மார்ச் 18 அன்று, லைபீரியக் கொடி தாங்கிய ‘டோரி கேன்யன்’ என்னும் எண்ணெய்க் கப்பல், நேரத்தை மிச்சப்படுத்தக் குறுக்குவழியில் சென்று, இங்கிலாந்தின் தென்மேற்கே பட்டப்பகலில் பாறையில் மோதிற்று. அது சுமந்தது 100,000 டன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய். இங்கிலாந்து, பிரான்சு ஆகிய இரு நாட்டுக் கரைகளும் மாசுற்றன. கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன.

மாலுமியின் பிழை அயலார் கரையையும் கெடுக்கும் என்பதை உலகம் உணர்ந்தது. மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் பொது அளவு வகுத்த அனைத்துலக உடன்படிக்கை 1978இல் இலண்டனில் உருவாயிற்று. 1984இல் நடப்புக்கு வந்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம், ஏட்டறிவு போதாது, செயலிலும் திறன் காட்டுக என்றது.

சட்டம் ஒவ்வொன்றும் இழப்புக்குப் பின்னரே வந்தது. மலாக்கா நீரிணையின் கரையில் வாழும் நாம், அச்சான்றிதழை வெறுந்தாள் என்று எண்ணலாகாது.