கர்ப்பகால முதுகுவலி
கருவுற்ற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோரை வாட்டும் கீழ்முதுகு, இடுப்பு வலி. வயிறு முன்தள்ளும்போது உடலின் எடைமையம் நகர்கிறது. ரிலாக்சின் முதலிய ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளைத் தளர்த்துகின்றன.

ஆணுக்கு 2 முள்ளெலும்புகளில் அடங்கும் கீழ்முதுகு வளைவு, இச்சுமையைத் தாங்கவென்றே பெண்ணுக்கு 3 எலும்புகளில் பரவியிருப்பதாக 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு விளக்கியது. ஆனாலும் வலி வரும். ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்லிவிடுவது நியாயமல்ல. தணிக்க வழி உண்டு.

முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது நல்லது. கீழே கிடப்பதை இடுப்பு வளையக் குனியாமல், முழங்காலை மடக்கி எடுக்கலாம். நடையும் நீச்சலும் உதவும்.

ஐபுப்ரூஃபன் மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கக்கூடாது. 20 வாரங்களுக்குப்பின் அது சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

காய்ச்சல், நீர்க்கடுப்பு, இரத்தப்போக்கு, விட்டுவிட்டு எழும் வலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.