வெள்ளைக்கல்லும் தாது வருடமும்: புவி வெப்ப உயர்வின் காரணம் பற்றிய விவாதம்

சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலம் நகரையொட்டி வெட்டப்படும் மேக்னசைட்டை ஊரார் வெள்ளைக்கல் என்பர். மக்னீசியம் மிகுந்த பாறையோடு கரியமில வாயு வினைபுரிந்து இறுகிய கல் அது. சூளையில் சுட்டால் வாயு மீண்டும் பிரியும்: 1 டன் தூய வெள்ளைக்கல்லில் சுமார் 520 கிலோ காற்றோடு போய்விட, எஞ்சுவது 480 கிலோ மக்னீசியம் ஆக்சைடு. சங்ககிரி சிமெண்டு ஆலையில் சுண்ணாம்புக்கல்லும் இவ்வாறே வாயுவை விடுகிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து அதே வாயுவாகிறது. நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகள் பூட்டி வைத்திருந்த கரியை மனிதர் வெளியே விடுகின்றனர் என்பதை எவரும் மறுப்பதில்லை. புவியின் வெப்பம் ஏற அதுதான் காரணமா என்பதே வினா.

மறுப்போரின் வாதங்களில் வலுவானது வரலாற்றிலிருந்து எழுகிறது. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1871, 1881 குடிக்கணக்குகளுக்கு இடையே மாவட்டத்தின் மக்கள்தொகையே குறைந்தது. அன்று மேட்டூரில் அணையும் இல்லை, அனல்மின் நிலையமும் இல்லை. கடும் எல் நினோ மழையைக் கெடுத்தது. தானிய ஏற்றுமதியைத் தடுக்காத ஆட்சி சாவைப் பெருக்கியது. வறட்சி இயற்கையாகவும் வரும் என்பதற்கு இது மறுக்க முடியாத சான்று. ஆனால் மழை ஆண்டுக்காண்டு கூடிக் குறைவது ஒன்று. பல பத்தாண்டுகளாக உலக வெப்பம் ஒரே திசையில் ஏறுவது வேறொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுக்க இயலாது. மேட்டூர் அணை வற்றிய ஓர் ஆண்டை மட்டும் காட்டி மனிதக் காரணத்தை நிறுவ முயல்வதும் அதே பிழைதான்.

அடுத்த ஐயம் சூரியன் மேல். பருவமழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை அறியும் ஆர்வம் அப்பஞ்சத்துக்குப் பின்னரே வலுத்தது. 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அமைய அதுவும் ஒரு தூண்டுதல். நூறாண்டுக்கு மேலாக அங்கே சூரியப் புள்ளிகள் பதிவாகின்றன. 1978 முதல் செயற்கைக்கோள்கள் கதிர்வீச்சையே நேரடியாக அளக்கின்றன. அதில் 11 ஆண்டுச் சுழற்சி தெரிகிறது, ஏறுமுகம் தெரியவில்லை. மேலும், சூரியனே காரணமானால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். கீழடுக்கு சூடாக, மேலடுக்கோ குளிர்ந்து வருகிறது.

முடிவான சான்று கரியின் அணுக்களில் உள்ளது. கரி-14இன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள். நிலக்கரியில் அது முற்றிலும் அழிந்துபோயிருக்கும். காற்றில் கரி-14இன் பங்கு நீர்த்துவருவதை ஹான்ஸ் சூயஸ் 1955இல் மர வளையங்களைக் கொண்டு காட்டினார். தாவரங்கள் குறைவாக ஏற்கும் கரி-13இன் பங்கும் காற்றில் சரிகிறது. ஆகவே சேரும் கரி மிகப் பழையது, தாவரத்திலிருந்து வந்தது. உடன் உயிர்வளியும் சிறிது சிறிதாகக் குறைவதால் எரிமலை மேல் பழிபோட வழியில்லை. எரிதலே உயிர்வளியை உண்ணும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 2011–2020இல் புவி 1850–1900ஐ விட சுமார் 1.1 டிகிரி வெப்பமாக இருந்தது. இவ்வுயர்வு ஏறத்தாழ முழுவதும் மனிதச் செயலின் விளைவு என்பது காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக் குழுவின் 2021 அறிக்கை கண்ட முடிவு. கரியமில வாயு மட்டுமே பொறுப்பு என்று கொள்வதும் தவறு. குளிர்பதன வாயுக்களின் வெப்பம் பிடிக்கும் ஆற்றலை 1975இல் உணர்த்தியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீரபத்ரன் இராமநாதன்.

இந்தியாவின் சராசரி வெப்பம் 1901–2018இல் சுமார் 0.7 டிகிரியே உயர்ந்தது. புகையும் தூசும் கதிரை மறித்தது இதற்கு ஒரு காரணம். அந்தத் திரையும் மனிதர் இட்டதே. கான்கிரீட்டும் தூர்ந்த ஏரிகளும் சேலம் நகரைத் தனியே சூடாக்குவதும் மெய்தான். ஆனால் நகரமே இல்லாத கடலும் சூடேறுகிறது.

இக்கூடுதல் வெப்பம் சமவெளியின் கோடை மேல் ஏறி நிற்கிறது. நாமக்கல் பண்ணைகளின் முட்டைக் கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாய் திறந்து மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். அப்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுமீறி வெளியேறுவதால் ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைகிறது, தீனி எடுப்பதும் குறைகிறது, முட்டையின் ஓடு மெலிகிறது. கொட்டகைக் கூரைகளில் தெளிப்பான்கள் ஓடுவது இதனால்தான். அதே கோடையில்தான் அவற்றுக்கு நீர் தரும் ஆழ்துளைக் கிணறுகளின் மட்டமும் இறங்குகிறது.