ஆளோலையும் ஆள்விலையும்

‘அடிமை’ என்னுஞ் சொல் சைவ உலகில் இனிமை பயப்பது. அடியேன் என்று பணிகின்றோம்; அடியார் என்று போற்றுகின்றோம்; பிள்ளைகளுக்குச் சிவதாசன், கந்ததாசன் எனப் பெயரிடுகின்றோம். நம் கரையின் அயலூர்களில் வாழும் இஸ்லாமியச் சகோதரர்கள் தம் மைந்தருக்கு இடும் அப்துல்லாஹ் என்னும் பெயரின் பொருளும் இறைவனின் அடிமை என்பதே. ஆயின், இச்சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. மனிதனை மனிதன் விலைக்கு விற்ற வரலாறு அது. இளைஞர்கள் அதனையும் அறிதல் வேண்டும்.

சோழர் காலக் கல்வெட்டுக்களில் ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ என்றொரு தொடர் காணப்படுகின்றது. பிரமாணம் என்பது சான்று. இசைவு என்பது சம்மதம். தீட்டு என்பது எழுதிய பத்திரம். காணி விற்றோர் எழுதியது ‘நிலவிலைப் பிரமாண இசைவுத் தீட்டு’. நிலம் என்ற சொல் நின்ற இடத்தில் ஆள் என்ற சொல்லை வைத்தனர். மற்றவை யாவும் ஒன்றே. சொல்லின் கொடுமை இதுவன்றோ!

இசைவு எத்தகையது? மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டில், காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சம் வந்தது. திருப்பாம்புரத்தில் வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றார். கோயில் அடைக்கலம் அளித்தது எனச் சிலர் கூறலாம். அடைக்கலத்துக்கு விலை எதற்கு? நம் ஆலயமும் ஆளை வாங்கியது என்பதை மறைத்தல் தகாது. பசித்தவன் இசைவு இசைவாகாது.

இவ்வழக்கை அறிந்தோர்க்கே பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட வரலாறு முழுதும் விளங்கும். மணப்பந்தரில் முதியவராய் வந்த இறைவன், சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று ஆளோலை காட்டினார். சுந்தரர் அதைக் கிழித்தார். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் வெளிவந்தது. அவையோர் அதனைப் பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்பளித்தனர். உலகில் ஆளை வாங்குவோர் கைக்கொண்ட ஓலையையே இறைவன் தன் கையில் ஏந்தினான். நம்மை ஆளும் உரிமை அவனுக்கன்றிப் பிறர்க்கில்லை என்பதே யாம் கொள்ளத்தக்க கருத்து.

இலங்கையும் இப்பழிக்கு விலக்கன்று. தஞ்சைப் பகுதியில் பஞ்சம் நேர்ந்த 1659–1661 காலத்தில், ஒல்லாந்தக் கொம்பனி சோழமண்டலக் கரையில் ஆயிரக்கணக்கானோரை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது. கொழும்பில் அக்கொம்பனியின் அடிமைகள் இருந்த இடத்தை ஆங்கிலேயர் ‘அடிமைத் தீவு’ என்றனர். நாம் கொம்பனித்தெரு என்கின்றோம். ஒரு பெயர் விற்கப்பட்டோரை நினைவூட்டுகின்றது. மற்றது வாங்கியோரை நினைவூட்டுகின்றது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் அடிமைகளைப் பற்றிய விதிகள் இருந்தன. கோவியர், நளவர், பள்ளர் அதில் அடிமைகளாகவே எழுதப்பட்டனர். 1833இன் பிரித்தானிய அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கையை விலக்கிவைத்தது. 1844இன் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இங்கு அடிமைமுறையை முற்றாக ஒழித்தது.

சட்டம் ஒழிந்தது, பசி ஒழிந்ததா? நம் ஊர்களிலிருந்தும் தாய்மாரும் சகோதரிகளும் வீட்டுவேலைக்குக் கடல் கடந்து செல்கின்றனர். வாசித்தறியாத ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுக் கடவுச்சீட்டைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு வருந்துவோர் உளர். அப்பத்திரத்தை வாசித்து விளக்கிச் சொல்வது படித்த இளைஞனின் கடன்.

இறைவனுக்கு அடியேன் என்று நாள்தோறும் சொல்லும் நாம், எந்த மனிதனையும் நமக்கு அடிமை என்று எண்ணாதிருப்போமாக. அப்பொழுதே அச்சொல் மெய்யாகும்.