ஈராக் எங்கே இருக்கிறது?

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நான்கு விமானங்களைக் கடத்தியவர்கள் மொத்தம் 19 பேர். அதில் 15 பேர் சவூதி அரேபியாவைச் சேர்ந்தவர்கள். இரண்டு பேர் ஐக்கிய அரபு எமிரேட்ஸ். ஒருவர் எகிப்து, ஒருவர் லெபனான். சரி, ஈராக்கியர் எத்தனை பேர்? ஒருவர் கூட இல்லை.

இதே கேள்வியை 2003 ஜனவரியில் நைட் ரிடர் என்ற பத்திரிகைக் குழுமம் அமெரிக்க மக்களிடம் கேட்டது. கடத்தியவர்களில் பெரும்பாலானோர் அல்லது சிலர் ஈராக்கியர்கள் என்று 44 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். ஒருவரும் இல்லை என்று சரியாகச் சொன்னவர்கள் வெறும் 17 சதவீதம்! இரண்டு மாதம் கழித்து, மார்ச் 20ம் தேதி, பாக்தாத் மீது குண்டுகள் விழத் தொடங்கின. அந்த வாரம் காலப் நிறுவனம் எடுத்த கணிப்பில் பத்தில் ஏழு பேருக்கு மேல் போரை ஆதரித்தார்கள்.

ஆதரித்தவர்களுக்கு அந்த நாடு எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமா? 2002ல் நேஷனல் ஜியாகிரபிக், 18 முதல் 24 வயது வரை உள்ள இளைஞர்களிடம் உலக வரைபடத்தைக் கொடுத்து ஒரு ஆய்வு நடத்தியது. ஈராக்கைச் சரியாகக் காட்டிய அமெரிக்க இளைஞர்கள் ஏழில் ஒருவர் கூட இல்லை. மூன்று வருடம் போர் நடந்து, தினமும் டிவியில் பாக்தாத் வந்த பிறகு 2006ல் மறுபடியும் கேட்டார்கள். அப்போதும் 63 சதவீதம் பேருக்குத் தெரியவில்லை. (சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் உக்ரைன் எங்கே, சூடான் எங்கே என்று நம் வகுப்பில் ஒரு வரைபடத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பது நல்லது.)

இதையெல்லாம் படித்தவுடன் புஷ் பொய் சொல்லி மக்களை ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. இரட்டைக் கோபுரம் இடிந்து இரண்டே நாளில், அதாவது 2001 செப்டம்பர் 13 அன்று, டைம் பத்திரிகையும் சிஎன்என்னும் ஒரு கணிப்பு எடுத்தன. அப்போதே 78 சதவீதம் பேர் இதில் சதாம் உசேனின் கை இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். அரசாங்கம் அதுவரை அவரைப் பற்றிப் பிரச்சாரமே ஆரம்பிக்கவில்லை. பத்து வருடமாக டிவியில் வில்லனாகக் காட்டப்பட்ட ஒரு முகம் அது. எங்கே இடி விழுந்தாலும் அந்த முகம்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

ஆக, அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை ரொம்பக் குறைவு. புதிதாக எதையும் நம்ப வைக்க வேண்டியதில்லை, இருக்கும் சந்தேகத்தைத் திருத்தாமல் விட்டால் போதும். புஷ்ஷின் பேச்சுகளில் செப்டம்பர் 11ம் ஈராக்கும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வரும். இதை அவர்தான் செய்தார் என்று நேரடியாகச் சொல்ல மாட்டார். துணை அதிபர் டிக் செய்னி இன்னும் ஒரு படி மேலே போனார். கடத்தல்காரர்களின் தலைவன் முகமது அட்டா பிராக் நகரில் ஈராக் உளவு அதிகாரியைச் சந்தித்தது கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டது என்று 2001 டிசம்பரில் டிவியில் சொன்னார். அப்படி ஒரு சந்திப்பு நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2004ல் விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதற்குள் போர் முடிந்து ஆக்கிரமிப்பே ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்குப் பிடித்த ஒரு சம்பவம் இதில் உண்டு. ஈராக் பற்றிய பிரச்சாரத்தை ஏன் செப்டம்பர் வரை தள்ளிப்போட்டீர்கள் என்று 2002ல் வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ கார்டிடம் நியூயார்க் டைம்ஸ் கேட்டது. மார்க்கெட்டிங் கோணத்தில் பார்த்தால் ஆகஸ்டில் யாரும் புதுச் சரக்கை அறிமுகப்படுத்துவதில்லை என்றார் அவர்! ஒரு போரைப் பற்றி இதைவிட வெளிப்படையாக யாரும் பேசியிருக்க முடியாது.

சரக்கின் விலை என்ன? அதிபரின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார். அந்த வருடம் டிசம்பரிலேயே அவர் பதவி போய்விட்டது. 2003 ஏப்ரலில், வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் தலைவர் ஆண்ட்ரூ நட்சியோஸ் டிவியில் தோன்றி, ஈராக்கை மறுபடி கட்ட அமெரிக்க வரிப்பணத்தில் 170 கோடி டாலர்தான் போகும், அதற்கு மேல் ஒரு பைசா இல்லை என்று அடித்துச் சொன்னார். பேட்டி எடுத்த டெட் காப்பல் நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். இவரும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். லிண்ட்சேயின் கணக்கே குறைவு என்று பிற்பாடு தெரிந்தது.

இந்தக் கதைக்கு முன்கதை ஒன்றும் உண்டு. 1990 அக்டோபர் 10 அன்று நயிரா என்ற 15 வயது குவைத் பெண் வாஷிங்டனில் எம்.பி.க்கள் குழு ஒன்றின் முன் அழுதுகொண்டே பேசினாள். ஈராக் சிப்பாய்கள் குவைத் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, பச்சைக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டு சாகவிட்டார்களாம். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கலங்கிப் போனார்கள். அப்பா புஷ் அந்தக் கதையைப் பல மேடைகளில் சொன்னார். சில செனட்டர்கள் ஓட்டுப்போடும்போது அதைக் குறிப்பிட்டார்கள். 1991 ஜனவரியில் செனட்டில் போர்த் தீர்மானம் 52க்கு 47 என்றுதான் நிறைவேறியது.

அந்தப் பெண் யார் என்பது ஒரு வருடம் கழித்து, 1992 ஜனவரியில்தான் வெளியே வந்தது. அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் சொந்த மகள். ஹில் அண்ட் நோல்டன் என்ற விளம்பர நிறுவனம் குவைத் தரப்பின் பணத்தில் நடத்திய பிரச்சாரத்தின் ஒரு பகுதி அந்தச் சாட்சியம். இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் இல்லை என்று ஆம்னெஸ்டியே 1991 ஏப்ரலில் சொல்லியிருந்தது. குவைத்தில் சதாமின் படை செய்த அட்டூழியங்கள் நிஜம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மக்கள் மனதில் நின்றது நிஜமான அட்டூழியம் அல்ல, இந்த ஒன்றுதான்.

மறுபடி 2003க்கு வருவோம். போருக்குப் பிறகு மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூன்று தவறான நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டார்கள். சதாமுக்கும் அல்கொய்தாவுக்கும் தொடர்பு இருந்ததற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது, பேரழிவு ஆயுதங்கள் கிடைத்துவிட்டன, உலக மக்கள் இந்தப் போரை ஆதரிக்கிறார்கள். மூன்றுமே தப்பு. ஆனால் 60 சதவீதம் பேர் இதில் ஒன்றையாவது நம்பினார்கள். எந்தத் தப்பும் இல்லாதவர்களில் போரை ஆதரித்தவர்கள் 23 சதவீதம். ஒன்றை நம்பியவர்களில் 53. இரண்டை நம்பியவர்களில் 78. மூன்றையும் நம்பியவர்களில் 86!

எங்கிருந்து செய்தி வருகிறது என்பதும் முக்கியமாக இருந்தது. பாக்ஸ் டிவியை நம்பி இருந்தவர்களில் 80 சதவீதம் பேரிடம் ஒரு தப்பாவது இருந்தது. பத்திரிகை படிப்பவர்களில் 47, பொது ஒலிபரப்பை (என்பிஆர், பிபிஎஸ்) கேட்பவர்களில் 23. பத்திரிகைகளும் உத்தமர்கள் இல்லை. நியூயார்க் டைம்ஸ் 2004 மே மாதம் தன் ஈராக் செய்திகளில் பல சரியாகச் சோதிக்கப்படவில்லை என்று வாசகர்களிடம் ஒப்புக்கொண்டது. அரசாங்கம் சொன்னதைச் சந்தேகப்பட்டுத் தொடர்ந்து எழுதியவர்கள் அதே நைட் ரிடரின் நிருபர்கள் ஜொனதன் லாண்டேயும் வாரன் ஸ்ட்ரோபலும். பாவம், அந்தக் குழுமத்துக்கு வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ பத்திரிகை கிடையாது. படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை.

மக்களை விடுங்கள். ஓட்டுப்போட்டவர்கள் படித்தார்களா? 2002 அக்டோபரில் ஈராக் ஆயுதங்கள் பற்றி உளவுத்துறையின் 92 பக்க ரகசிய அறிக்கை எம்.பி.க்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. சந்தேகங்களும் மறுப்புகளும் உள்ளே இருந்தன. சுருக்கத்தைத் தாண்டி முழுதாகப் படித்த செனட்டர்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை என்று வாஷிங்டன் போஸ்ட் பின்னால் எழுதியது. செனட்டில் போருக்கு ஆதரவாக விழுந்த ஓட்டு 77.

அப்படியிருக்க ஓஹையோவில் இருக்கும் ஒரு தச்சரைக் குறை சொல்வது என்ன நியாயம்? அந்தோணி டவுன்ஸ் என்ற பொருளாதார நிபுணர் 1957லேயே சொன்னார், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள நேரமும் உழைப்பும் செலவாகும், ஒற்றை ஓட்டால் எதுவும் மாறப் போவதில்லை என்றால் தெரியாமல் இருப்பதுதான் லாபம் என்று. இந்தப் போரில் அந்தக் கணக்கு இன்னும் பொருந்தியது. கட்டாய ராணுவ சேவை 1973லேயே முடிந்துவிட்டது. ராணுவத்தில் இருந்தவர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதம் கூட இல்லை. போருக்கு என்று வரி ஏற்றவில்லை, மாறாக 2003 மே மாதம் வரியைக் குறைத்தார்கள்! வீட்டுக்குப் பில் வராத போரைப் பற்றி யார் விசாரிப்பார்கள்?

2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கணிப்பில், தாக்குதலில் சதாமுக்குப் பங்கு இருக்கலாம் என்று 69 சதவீதம் பேர் சொன்னார்கள். அது வெளியாகிச் சில நாட்களில், செப்டம்பர் 17 அன்று, அப்படி ஒரு ஆதாரம் எங்களிடம் இல்லை என்று புஷ்ஷே நிருபர்களிடம் சொல்லிவிட்டார். ஆயுதமும் இல்லை என்று 2004ல் அவர்கள் அனுப்பிய ஆய்வுக்குழுவே எழுதிக் கொடுத்தது. அப்புறமும் நம்பிக்கை முழுதாகப் போகவில்லை. 2015ல் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் எடுத்த கணிப்பில் 42 சதவீதம் பேர், ஈராக்கில் பேரழிவு ஆயுதத் திட்டம் கண்டுபிடிக்கப்பட்டது என்றே சொன்னார்கள்.

இன்னொரு கணிப்பு, 2007 பிப்ரவரியில் அசோசியேட்டட் பிரஸ் எடுத்தது. ஈராக்கில் இதுவரை எத்தனை அமெரிக்க வீரர்கள் இறந்திருப்பார்கள் என்று கேட்டார்கள். நடுவாக வந்த பதில் 2,974. உண்மையில் அப்போது சுமார் 3,100. கிட்டத்தட்ட சரி. எத்தனை ஈராக்கிய மக்கள் இறந்திருப்பார்கள் என்றும் கேட்டார்கள். நடுவாக வந்த பதில் 9,890. அந்தத் தேதியில் மிகக் குறைவாக எண்ணியவர்களின் கணக்கே 50,000ஐத் தாண்டியிருந்தது.